இருவருக்கும் ஒரே அளவு

ஞாயிற்றுக்கிழமை மதியம் திண்டிவனத்தில் எனக்குச் சாப்பாடு கிடைப்பது கஷ்டம். வழக்கமாக வாங்கும் மெஸ்ஸில் அன்று பிரியாணி மட்டும்தான். எனக்குக் காரம் ஒத்துக்கொள்ளாது. அதனால் சனிக்கிழமையே பிரெட் வாங்கி வைத்துவிடுவேன். நீங்கள் கேட்டது இதுவல்ல என்று தெரியும், மேடம். நடந்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்ததால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

என் பெயர் ஆண்டோ. மரக்காணம் ரோட்டில் ஒரு போட்டோ ஸ்டுடியோவுக்கு மேலே மாடியில் குடியிருக்கிறேன். சென்னையில் வீடியோ கேம் கம்பெனிகளுக்கு மனித முகங்கள் வரைந்துகொண்டிருந்தேன். அம்மாவுக்கு முடியாமல் போனதும் ஊருக்கு வந்தேன். அவர் போன பிறகும் திரும்பிப் போகத் தோன்றவில்லை. வேலை இன்டர்நெட்டில் வந்துகொண்டிருந்தது, அதை முடித்து இன்டர்நெட்டிலேயே அனுப்பிவிடுவேன். சில வாரங்களில் யாரிடமும் பேச அவசியமே வராது. ஒருமுறை பால்காரர் ஏதோ கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், குரல் வரச் சற்று நேரம் பிடித்தது.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கதையாக நடக்கும் கேம்கள் இருக்கின்றன. ஆடுகிறவர் அதில் ஓர் ஆளாக மாறி, ஊர் ஊராகப் போய், யாரிடம் என்ன பேசுவது என்று தானே தீர்மானிப்பார். சண்டை இருக்கும், நட்பு இருக்கும், காதலும் இருக்கும். நான் வேலை செய்த கேமுக்கு இரண்டு புகார்கள் வந்திருந்தன. முதலாவது, கூட இருப்பவர்கள் எல்லாரும் சிரிக்கிறார்கள், அழுகிறார்கள், ஆனால் ஆடுகிறவருடைய ஆள் மட்டும் ஜவுளிக்கடை பொம்மைபோல நிற்கிறது. காதலைச் சொல்லும்போதும் அதே முகம், காதலன் செத்து விழும்போதும் அதே முகம். இரண்டாவது, ஆணாக ஆடினால் காதல் காட்சிகள் நிறைய, பெண்ணாக ஆடினால் கொஞ்சம். இது நியாயமில்லை என்று பெண்கள் எழுதியிருந்தார்கள். எனக்கும் நியாயமில்லை என்றே பட்டது. இரு பக்கமும் ஒரே அளவு முகபாவங்கள் செய்து தரும்படி கம்பெனியில் கேட்டார்கள், ஒப்புக்கொண்டேன்.

முதலில் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்து வரைய முயன்றேன். வெட்கப்பட்டுப் பார்த்தேன், ஏங்கிப் பார்த்தேன். கண்ணாடியில் ஒன்றும் மாறவில்லை. நடிகர்களின் படங்களைப் பார்த்தேன். அவர்கள் கேமராவுக்காக அழுகிறார்கள், அது தெரிந்துவிடுகிறது.

அந்தச் சமயத்தில்தான் ஜெசிந்தா மாடி ஏறி வந்தாள். கீழே ஸ்டுடியோவில் போட்டோக்களைத் திருத்தும் வேலையில் இருந்த பெண். பெருமுக்கல் பக்கம் ஊர். அப்பா அந்தோணிசாமியும் அம்மா செண்பகமும் கழனி வேலைக்குப் போகிறவர்கள். அவளுடன் அன்புச்செல்வனும் வந்திருந்தான். கட்டட வேலைக்குச் சிங்கப்பூர் போவதாகவும், திரும்பியதும் கல்யாணம் என்றும் சொன்னான். இரண்டு வீட்டிலும் சம்மதம்.

"அண்ணா, ஒங்க கம்ப்யூட்டர்ல மூஞ்சப் பாத்துக்கினே பேசலாமாமே? ஞாயித்துக்கிழமை மட்டும் வந்து பேசிட்டுப் போயிடறேண்ணா" என்றாள் ஜெசிந்தா.

"இவங்க அப்பாகிட்டயும் சொல்லிட்டேண்ணா. ஆண்டோ அண்ணன் வீடுன்னா சரின்னுட்டாரு" என்றான் அவன்.

அந்த வீட்டில் என்னை அண்ணன் என்று யாரும் கூப்பிட்டதில்லை. இருவருக்கும் நான்தான் கணக்குத் திறந்து கொடுத்தேன். பாஸ்வேர்டும் நானே வைத்தேன். அப்போது எனக்கு எந்தத் திட்டமும் இல்லை.

அவன் போனான். ஞாயிறுதோறும் பூசை முடிந்து, கோயிலுக்கு உடுத்திய புடவையோடு அவள் வருவாள். நான் அவர்களைப் பேசவிட்டு வெளியே மாடிப்படியில் உட்கார்ந்துகொள்வேன். அவள் கவனித்திருக்க வாய்ப்பில்லை, கம்ப்யூட்டர் இருவர் முகத்தையும் பதிவு செய்துகொண்டிருக்கும். சாப்பிட்டாயா என்று அவன் கேட்கும்போது இடது பக்க உதடு மட்டும் முதலில் அசையும், கண் அப்புறம்தான் சிரிக்கும். அதை எந்த நடிகையும் செய்ய முடியாது. வாரநாட்களில் அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு வரைந்தேன். இத்தனை நேரம் ஒரு முகத்தோடு நான் இருந்ததே இல்லை. அந்த வீட்டில் பிரெட்டை நின்றுகொண்டே தின்கிற ஆள் நான். அந்த மாதங்களில் தட்டில் வைத்து, அவள் முகத்துக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டேன்.

கம்பெனியில் மெச்சினார்கள். வெட்கம், சிரிப்பு, ஆசை எல்லாம் கிடைத்துவிட்டன, இனிச் சந்தேகம், காத்திருப்பு, மனம் நோவது இவையெல்லாம் வேண்டும் என்றார்கள். அந்த இரண்டு பேரும் சந்தோஷமாக இருந்ததால் அவை வரவில்லை.

ஒரு ஞாயிறு இன்டர்நெட் ஒயரைச் சற்று இழுத்து வைத்தேன். அவள் வெகுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே அவனும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பான் என்று நினைத்தபோது, அவன் முகம் வீணாகிறதே என்று பட்டது. அடுத்த வாரம் அவளை வேறு நேரத்துக்கு வரச்சொல்லிவிட்டு, அவனைக் காக்கவைத்துப் பதிவு செய்தேன். ஒருவருக்குச் செய்ததை மற்றவருக்கும் செய்வது என்று அன்று முடிவெடுத்தேன். கடைசிவரை அதிலிருந்து நான் மாறவில்லை.

பிறகு அவள் பெயரில் அவனுக்கும், அவன் பெயரில் அவளுக்கும் சில வரிகள் எழுதினேன். ஸ்டுடியோவுக்கு வருகிற ஒருவன் தன்னிடம் நன்றாகப் பழகுவதாக அவள் எழுதியதுபோல. அங்கே ஒரு பெண் தனக்குச் சோறு கொண்டுவந்து தருவதாக அவன் எழுதியதுபோல. பெரிதாக ஒன்றுமில்லை. பேசும்போது சண்டை வரும், அழுகை வரும், சமாதானம் ஆகிவிடுவார்கள். நான் அப்படி எழுதவே இல்லை என்று இருவரும் சொல்வார்கள், இருவரும் நம்பமாட்டார்கள்.

"இன்னா ஆச்சுன்னே தெரியலண்ணா. ஒரே பேஜாரா கீது. அவுரு மாறிட்டாரோன்னு பயமா இருக்குது" என்று என்னிடம் சொல்லி அழுதிருக்கிறாள். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். ஒருநாளும் அவளைத் தொட்டதில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு காட்சி பாக்கி இருந்தது. கேமில், காதலித்தவர் இறந்த செய்தி வந்து சேரும் இடம். பெண்ணாக ஆடினால் காதலன், ஆணாக ஆடினால் காதலி. அந்த முகத்தைக் கற்பனையில் வரைந்து பார்த்தேன், மற்ற முகங்களுக்குப் பக்கத்தில் அது பொய்யாகத் தெரிந்தது.

போன ஞாயிறு ஜெசிந்தா வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் கேமராவை ஓடவிட்டேன். சிங்கப்பூரிலிருந்து போன் வந்தது, சாரம் சரிந்து அன்பு போய்விட்டானாம் என்றேன். அவள் உடனே அழவில்லை. முதலில் என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள். நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பாள். பிறகு கண்கள் அப்படியே இருக்க, வாய் மட்டும் தளர்ந்து திறந்தது. நான் கற்பனையில் வரைந்தது எவ்வளவு தவறு என்று அப்போது தெரிந்தது. கொஞ்ச நேரம் விட்டு, போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்வந்து, அது தஞ்சாவூர்ப் பக்கத்து வேறொரு அன்புச்செல்வன் என்றேன். என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தொட்டது அவள்தான். அந்த நிம்மதியும் கேமராவில் இருக்கிறது.

"மாதாவே காப்பாத்துச்சுண்ணா. இப்பவே அவுருகிட்ட பேசணும்" என்றாள்.

அவள் போனிலிருந்து வெளிநாட்டுக்குக் கூப்பிட முடியாது. கம்ப்யூட்டரில் லைன் கிடைக்கவில்லை, கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வா, அதற்குள் கிடைத்துவிடும் என்று அனுப்பிவைத்தேன். இருவரும் பேசிவிட்டால் அவனுடைய முகம் கிடைக்காமல் போய்விடும். அவள் பக்கம் மட்டும் இருந்தால் அது நியாயமாகாது.

அவனைக் கூப்பிட்டேன். என் கேமராவை அணைத்துவிட்டுக் குரலில் மட்டும் பேசினேன். பைபாஸில் பஸ் மோதி, முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே ஜெசிந்தா இறந்துவிட்டாள் என்றேன்.

அவன் திரையை நெருங்கி வந்தான். "அண்ணா, இன்னாண்ணா சொல்றீங்க? கேமராவப் போடுங்கண்ணா. ஒங்க மூஞ்சப் பாத்தா எனக்குத் தெரிஞ்சுடும். போடுங்கண்ணா."

நான் போடவில்லை. அப்போது கரண்ட் போனது. இந்த வருடம் பவர் கட் எந்த நேரத்தில் வரும் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மறந்துவிட்டேன் என்று உங்களிடம் சொல்லமாட்டேன். பேட்டரி சில நிமிடம் தாங்கும். அந்த நேரத்தில் இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும். அவனிடம் உண்மையைச் சொல்லலாம், இல்லை பதிவை நிறுத்திச் சேமிக்கலாம். சேமித்தேன். கையில் போன் இருந்ததே, கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்டீர்கள். கூப்பிட்டிருக்கலாம். பதிவு முழுதாக விழுந்திருக்கிறதா என்ற கவலையில் இருந்தேன்.

ஜெசிந்தா கோயிலிலிருந்து திரும்பி வந்து, கரண்ட் வரும்வரை மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். ஊருக்குக் கிளம்பிய பஸ்களைப் பார்த்துக்கொண்டு, கல்யாணத்துக்கு என்னைக் கட்டாயம் வரச்சொன்னாள். நானும் வருவதாகச் சொன்னேன். கரண்ட் வந்ததும் அவனைக் கூப்பிட்டோம், எடுக்கவில்லை. பொழுது சாய்கிற சமயம் அவளுடைய போன் அடித்தது. அவனோடு தங்கியிருந்த தேவநாதன். இரைச்சலில் கேட்கவில்லை என்று அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மாவா பேசறது?" என்றான் அவன்.

"நான் ஜெசிந்தாண்ணா. அவுரு எங்க?"

தேவநாதன் மெதுவாகக் கேட்டான். "ஜெசிந்தாவா? நீ உசுரோட கீறியா? நீ செத்துட்டன்னுதானே அவன் அப்டி ஓடுனான். ஏஜென்ட்டப் பாக்கணும், இன்னிக்கே ஊருக்குப் போவணும், அவளக் கடைசியா ஒருதபா பாக்கணும்னு சொல்லிக்கினே ரோட்டுல எறங்கிட்டான். லாரி வந்ததப் பாக்கல, தங்கச்சி."

அவள் போனைக் கீழே வைத்தாள். யார் சொன்னது என்று அவனிடமும் கேட்கவில்லை, என்னிடமும் கேட்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, திரையில் அவன் பெயரில் கிடந்த அன்றைய பதிவைப் பார்த்து, "காட்டு" என்றாள். அதுவரை என்னை அவள் ஒருமையில் பேசியதில்லை.

அன்புச்செல்வனின் பதிவை ஓடவிட்டேன். கேமராவைப் போடச்சொல்லி அவன் கேட்கும் இடம்வரை பார்த்தாள். திரையில் அவன் கன்னம் இருந்த இடத்தில் விரலை வைத்தாள். நான் கேமராவை ஓடவிட்டிருந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன், எப்படியும் உங்களுக்குத் தெரியவரும். ஆனால் அதில் ஒன்றுமே இல்லை. பொய்யான செய்திக்கு அத்தனை மாறிய முகம், உண்மையான செய்திக்கு அசையவே இல்லை. அதை எதற்கும் பயன்படுத்த முடியாது. அவள் எழுந்து, செருப்பைக்கூடப் போடாமல் படியிறங்கினாள். அந்தோணிசாமியைக் கூட்டிக்கொண்டு உங்களிடம் வந்தது அதற்குப் பிறகு.

ஆமாம் மேடம், அவர்கள் பெயரில் எழுதியது நான். அவளிடம் பொய் சொன்னது நான், அவனைக் கொன்றதும் நான்தான் என்று நீங்கள் எழுதினால் கையெழுத்துப் போடுகிறேன். லாரிக்காரர்மேல் எந்தத் தப்பும் இல்லை. எனக்கு ஒரு விஷயத்தில் மட்டும் மாற்றுக் கருத்து உண்டு. அந்தப் பெண்ணின்மேல் எனக்கு ஆசை இருந்ததா என்று உங்கள் ஏட்டு திரும்பத் திரும்பக் கேட்டார். இல்லை. இருந்திருந்தால் ஒரு பக்கம் சாய்ந்திருப்பேன். அவளுக்குச் செய்த முகங்களையும் அவனுக்குச் செய்த முகங்களையும் எண்ணிப் பாருங்கள், ஒன்றுகூட அதிகம் குறைச்சல் இருக்காது.

இன்று காலை உங்கள் ஆட்கள் வந்து கதவைத் தட்டியபோது நான் தாமதமாகத் திறந்ததற்கு மன்னிக்க வேண்டும். தப்பி ஓடப் பார்க்கவில்லை. வேலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். கேமில் காதலன் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால்தான் அவள் பார்வை நேராக வரும். அங்கே நின்று, நான் செய்த முகங்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டுப் பார்த்தேன். வெட்கப்பட்டாள், சிரித்தாள், காத்திருந்தாள், அழுதாள், அப்புறம் மறுபடியும் சிரித்தாள். கண்ணை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே அவள் என்னைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறாளோ எனக்குத் தெரியாது. நான் நன்றாகப் பார்த்துவிட்டேன், மேடம், அவளுக்கு என்மேல் கோபம் இல்லை.