வேலிக்குப் பின்னால் ஓர் அன்னாசி

எத்தனை பேர் எத்தனை விதமாகக் கத்தினாலும் ஒரு புன்னகையால் கூட்டத்தை அடக்கிவிடும் ஆற்றல் பெற்ற மன்றத் தலைவர் திரு. கமலநாதன் அவர்களே! நம் கூட்டங்களுக்குத் தம் உணவகத்தின் மாடியைத் திறந்துவிட்டு, நம் வாய்களுக்குத் தேநீரையும் திறந்துவிட்ட வள்ளல் ஹாஜி லியாக்கத் அலி அவர்களே! அவருடைய துணைவியார், நம் மன்றத்தின் மதிநுட்பம், திருமதி ஜன்னத்துல் பிர்தௌஸ் அவர்களே! பத்து பாகாட்டிலிருந்து பேருந்தேறி வந்திருக்கும் பண்பாளர்களே! பெக்கான் நானாஸிலிருந்து வந்திருக்கும் பெரியோர்களே! என்னைப் பெறாத அன்னையரே! என்னோடு பிறக்காத உடன்பிறப்புகளே! வேலி கண்ட இடமெல்லாம் நின்று, கால்விரல் ஊன்றி எட்டிப் பார்க்கும் கேளிக்கைப் பூங்கா ரசிகர்களே! உங்கள் அனைவருக்கும் பெர்மாஸ் ஜெயாவின் இந்த இனிய மாலையில் என் பணிவான வணக்கம்.

ஷாமளா பேசுவார், சுருக்கமாகப் பேசுவார் என்று தலைவர் அறிவித்தார். அவர் சொன்னதில் முதல் பாதி உண்மை.

அன்பர்களே, உலகத்தில் எத்தனையோ மன்றங்கள் உண்டு. நடிகருக்கு மன்றம் உண்டு, நற்பணிக்கு மன்றம் உண்டு, நாவன்மைக்கு மன்றம் உண்டு. இன்னும் வராத ஒன்றுக்கு மன்றம் வைத்தவர்கள் நம்மைத் தவிர யார்? திறந்திருக்கும் சவாரியில் ஏறாமல், திறக்காத சவாரியைப் பற்றித் தீராமல் பேசுகிறவர்கள் நம்மைத் தவிர யார்? பூங்காவில் ஒரு மூலையைத் தகரம் போட்டு அடைத்துவிட்டால் மற்றவர்கள் சுற்றிக்கொண்டு போய்விடுவார்கள். நாம் மட்டும் அந்தத் தகரத்தின் முன்னால் தவம் இருப்போம். தகரத்தின் நிறம் மாறினால் கூடிப் பேசுவோம். உள்ளே ஒரு பாரந்தூக்கி தலை காட்டினால் உறக்கம் இழப்போம்.

இந்த நோய் நமக்கு எங்கே பிடித்தது? பாலத்தில்தான் பிடித்தது. விடியும் முன்பே தொழிற்சாலைப் பேருந்தில் ஏறி, சிங்கப்பூருக்குப் போகும் வரிசையில் நின்று, முன்னால் நிற்கும் லாரியின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பவன் வேறு என்ன செய்வான்? கையில் தொலைபேசி இருக்கிறது, கண்ணில் தூக்கம் இருக்கிறது, நகராத பேருந்து இருக்கிறது. யாரோ ஒருவர் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் கேட்டார், அந்தப் பழைய படகுக் குளத்தை மூடிவிட்டார்களே, அங்கே என்ன வரப்போகிறது என்று. அன்று தொடங்கிய பேச்சு இன்றுவரை ஓயவில்லை. அந்தக் கேள்வி கேட்டவள் நானேதான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

நம் கணிப்புகளின் பெருமையை என்னென்று சொல்வேன்! உள்ளே குழி தோண்டுவதைப் பார்த்துவிட்டு நிலத்தடி ரயில் வருகிறது என்று நம் உறுப்பினர் காளிதாஸ் சத்தியம் செய்தார். வந்தது கழிப்பறை. சிரிக்காதீர்கள், நல்ல கழிப்பறை, நான் போயிருக்கிறேன். நம் ஜன்னத்துல் அம்மாவின் முறையே வேறு. பூங்காவில் வேலை செய்யும் ஆட்கள் உணவகத்துக்குச் சாப்பிட வந்தால் அவர் சட்டையைத்தான் பார்ப்பார். சட்டையில் சிமெண்டு ஒட்டியிருந்தால் இன்னும் ஒரு வருடம் ஆகும், சாயம் ஒட்டியிருந்தால் கிட்ட வந்துவிட்டது என்பார். என்ன வருகிறது என்று மட்டும் அவருக்குத் தெரியாது. அதற்குத்தான் நாம் இருக்கிறோம்.

சரி, கதைக்கு வருகிறேன். இது நம் உறுப்பினர் அர்ச்சுனன் அவர்களின் கதை. அவரிடமும் அவர் மனைவியிடமும் அனுமதி கேட்டுவிட்டுத்தான் பேசுகிறேன். ஆகவே பின்வரிசையில் அவர் தலையைக் குனிந்துகொள்ள வேண்டியதில்லை.

அர்ச்சுனன் பெக்கான் நானாஸ்காரர். அந்த ஊரை அறியாதவர் யாராவது இந்தக் கூடத்தில் இருந்தால் சொல்கிறேன், மலாயில் நானாஸ் என்றால் அன்னாசி, பெயரிலேயே அன்னாசி உள்ள ஊர் அது. அவர் மனைவி தனலெட்சுமி அங்கே அன்னாசியை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலையில் பல வருடமாக வேலை பார்க்கிறார். வேலை நாளெல்லாம் அன்னாசித் தோலைச் சீவுவது அவர் தொழில். ஞாயிற்றுக்கிழமையெல்லாம் வேலியைப் பார்ப்பது இவர் தொழில். மனைவியை ஏன் அழைத்து வருவதில்லை என்று நாங்கள் கேட்கும்போதெல்லாம் அர்ச்சுனன் ஒரே பதில் சொல்வார்: அவளுக்கு இதெல்லாம் பிடிக்காது. கேட்ட நாங்களும் பெருமூச்சு விட்டுவிட்டு வேலியைப் பார்க்கத் திரும்பிவிடுவோம்.

ஒருநாள் நெடுஞ்சாலையில் ஒரு நீண்ட லாரி போகிறது. மேலே போர்த்திய தார்ப்பாய் காற்றில் ஒரு பக்கம் விலகுகிறது. உள்ளே ஏதோ பெரிதாக, உருண்டையாக, பழுப்பும் மஞ்சளுமாக, கட்டம் கட்டமாக, கட்டத்துக்கொரு முள்ளாக மின்னுகிறது. பின்னால் காரில் வந்த அர்ச்சுனன் வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் படம் எடுக்கிறார். லாரி பூங்காவின் பின்வாசலில் நுழைகிறது. அடுத்த நிமிடம் குழுவில் படம் வந்தது, கூடவே ஒரே வரி: அன்னாசி வருது.

அந்தப் படத்தை எல்லாரும் பார்த்தோம். பத்து பாகாட்டில் துணி ஆலையில் வேலை செய்யும் பிரவீனா, இது மெத்தைத் தையல் போல இருக்கிறதே என்றார். லியாக்கத் அலி அண்ணன், பலாப்பழமாகவும் இருக்கலாம், நல்ல வியாபாரம் என்றார். அர்ச்சுனன் அசையவில்லை. அன்னாசியின் கண் எப்படி இருக்கும் என்று எனக்கா தெரியாது, எங்கள் வீட்டிலேயே அதன் வாசம்தான் என்றார். அவர் உறுதியைப் பார்த்து நாங்களும் உறுதியானோம். அன்னாசி உலகம் வருகிறது! ஜோகூரின் கனிக்கு ஒரு கோட்டை வருகிறது! சுழலும் அன்னாசி, சறுக்கும் அன்னாசி, தலைகீழாகத் தொங்கவிடும் அன்னாசி என்று நாங்கள் அந்தத் தகரத்துக்குப் பின்னால் ஒரு நகரத்தையே கட்டிவிட்டோம். காளிதாஸ் படமே வரைந்துவிட்டார்.

அர்ச்சுனன் ஊருக்குப் போய் மனைவியிடம் சொன்னார். உன் அன்னாசிக்கு ஒரு உலகமே கட்டுகிறார்கள், திறப்பு நாளுக்கு நாம் இரண்டு பேரும் போகலாம் என்றார். தனலெட்சுமி சரி என்றார். விடுப்பும் எடுத்தார். கூட வேலை செய்யும் பெண்களிடமெல்லாம், வீட்டுக்காரரோடு வெளியே போகிறேன் என்று சொல்லியும் வைத்தார்.

இந்த நேரம் பார்த்துத்தான் பூங்காவின் அறிவிப்பு வந்தது. 'முதலை ஆறு.' படமும் போட்டிருந்தார்கள். நம் அர்ச்சுனன் நெடுஞ்சாலையில் கண்டது ஒரு முதலையின் வால்.

வேறு ஊர்க்காரர் யாராவது பார்த்திருந்தால் பாம்பு என்றிருப்பார், மீன் என்றிருப்பார், முதலை என்றே சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பார். முள்ளும் கட்டமும் கண்டவுடன் அன்னாசி என்று துள்ள ஒரு பெக்கான் நானாஸ்காரரால்தான் முடியும். மற்ற குழுக்களெல்லாம் நம்மைப் பார்த்துச் சிரித்தன. சிரித்தால் சிரிக்கட்டும், அது போகட்டும். அர்ச்சுனன் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். அவர் குரலைக் கேட்டதும் எனக்குக் கேலி செய்ய மனம் வரவில்லை.

"அக்கா, அவகிட்ட இன்னும் சொல்லல. லீவெல்லாம் போட்டுட்டா. சொன்னா வரமாட்டா. இந்தத் தடவை அவ வரலைன்னா, நானும் இனிமே இங்க வரமாட்டேன்கா. தனியா வந்து வந்து எனக்கும் போதும்."

அன்பர்களே, வேலியைப் பார்க்க வந்த மனிதர், வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று அன்றைக்குத்தான் திரும்பிப் பார்த்திருக்கிறார். நாங்கள் என்ன செய்தோம்? ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. திறப்பு நாள் வரட்டும், என்ன ஆகிறது பார்ப்போம் என்று மன்றமே மௌன விரதம் பூண்டது. காளிதாஸ் வாயை மூடிக்கொண்டிருந்தார் என்றால் விஷயத்தின் கனம் உங்களுக்குப் புரியும்.

திறப்பு நாள் வந்தது. தனலெட்சுமி வந்தார். நல்ல பட்டுப்போன்ற சேலை, தலையில் பூ, காலில் மட்டும் ஓடுவதற்குப் போடும் சப்பாத்து. அந்தச் சப்பாத்தை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். நாங்கள் எல்லாரும் வாசலில் நின்றோம். திரை விலகியது. வானத்தைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு ஒரு முதலை படுத்திருந்தது. அதன் வால் வளைந்து எங்கள் தலைக்கு மேலே நின்றது.

அர்ச்சுனன் தரையைப் பார்த்தார். தலைவர் வானத்தைப் பார்த்தார். நான் என் கைப்பையில் எதையோ தேடினேன். தனலெட்சுமி அந்த வாலை நெடுநேரம் பார்த்துவிட்டுக் கணவர் பக்கம் திரும்பினார்.

"ஏங்க, இது முதலைதானே?"

அர்ச்சுனன் தலையை ஆட்டினார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அதற்குள் அந்த அம்மையார் சொன்ன சொல் இருக்கிறதே, அதை நான் மறக்க மாட்டேன்.

"அப்பாடா. நான் பயந்துகிட்டேதாங்க வந்தேன். நாள் முழுக்க அன்னாசிதான் பார்க்கிறேன். சோப்பு போட்டாலும் கையில அந்த வாசம் போக மாட்டேங்குது. லீவு போட்டுட்டு வந்து இங்கயும் அதையேவா பார்க்கணும்?"

கூட்டத்தில் சிலர் கை தட்டுகிறீர்கள். அன்றைக்கு ஒருவரும் தட்டவில்லை. அர்ச்சுனன் திகைத்துப்போய், பிறகு எதற்காக வருகிறேன் என்று சொன்னாய் என்று கேட்டார்.

"நீங்க கூப்பிட்டீங்க. ஞாயித்துக்கிழமையானா போயிட்டு வரேன்னு சொல்லிட்டுக் கிளம்புவீங்க. சேர்ந்து போலாமான்னு இந்தத் தடவைதான் கேட்டீங்க. அது அன்னாசியா இருந்தா என்ன, எதுவா இருந்தா எனக்கென்ன?"

தாய்மார்களே, பெரியோர்களே, அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கியது. கலங்கியதைக் கலங்கியது என்றே சொல்கிறேன், முதலை ஆற்றின் சாரல் என்று சாக்குச் சொல்ல மாட்டேன். பிறகு அந்த அம்மையார் படகின் முன்வரிசையில் ஏறி உட்கார்ந்தார். படகு செங்குத்தாக விழுந்தபோது கண்ணை மூடியவர் அர்ச்சுனன். கண்ணைத் திறந்து சிரித்தவர் தனலெட்சுமி. இறங்கியதும் மீண்டும் வரிசையில் போய் நின்றவரும் அவர்தான்.

இப்போது கேட்கிறேன், என் அருமைக் கணிப்பாளர்களே! தகரத்தின் நிறத்தைக் கண்டு தளத்தின் பெயரைச் சொன்னோமே, தட்டிலே சோறு வைத்தவரின் முகத்தை என்றைக்காவது படித்தோமா? பாரந்தூக்கியின் நிழலை அளந்தோமே, பக்கத்தில் நடந்து வருபவரின் ஆசையை அளந்தோமா? பூங்கா முதலாளி மனத்தில் என்ன இருக்கிறது என்று மூளையைக் கசக்கினோமே, மனைவி மனத்தில் என்ன இருக்கிறது, மகள் மனத்தில் என்ன இருக்கிறது, மாமியார் மனத்தில் என்ன இருக்கிறது? மாமியார் என்றதும் அங்கே ஒரு முனகல் கேட்கிறது. கேட்டது, கேட்டது.

அவருக்கு இதெல்லாம் பிடிக்காது என்கிறோம். அதுவும் ஒரு கணிப்புதானே? குழியைப் பார்த்து ரயில் என்று சொன்ன அதே வாய்தானே அதையும் சொல்கிறது? வேலிக்குப் பின்னால் இருப்பதை நாம் கணித்துத்தான் ஆக வேண்டும், ஏனென்றால், கேட்டால் சொல்ல அங்கே ஆளில்லை. வீட்டுக்குள்ளே இருப்பவரைக் கணிக்க வேண்டிய அவசியம் என்ன? அவருக்கு வாய் இருக்கிறது, நமக்குக் காது இருக்கிறது. கேட்டால் சொல்லிவிடுவார். கேளுங்கள் அன்பர்களே, வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். வேலியைப் பார்ப்பதை விடச் சொல்லவில்லை. விடச் சொன்னால் முதலில் நானே கேட்க மாட்டேன். பக்கத்தில் ஒருவரை அழைத்து நிறுத்திக்கொண்டு பாருங்கள், அவ்வளவுதான் நான் வேண்டுவது.

நம் மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. சென்ற ஆண்டு சரியாகக் கணித்தவர்தான் இந்த ஆண்டின் முதல் கணிப்பைச் சொல்ல வேண்டும். முதலை என்று சொன்னவர் நம்மில் ஒருவரும் இல்லை. ஆகவே அந்த இடம் காலியாக இருக்கிறது, தலைவரும் யாரை அழைப்பது என்று தலையைச் சொறிகிறார். நான் ஒரு பெயர் தருகிறேன்.

திறப்பு நாளன்று வீடு திரும்பும் வழியில், வாகன நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு தகர வேலி எழுவதை அர்ச்சுனன் பார்த்திருக்கிறார். வழக்கமாக உடனே எங்கள் குழுவுக்குத்தான் செய்தி வரும். அன்று வரவில்லை. அவர் மனைவியைப் பார்த்து, உனக்கு என்ன வந்தால் நன்றாக இருக்கும் என்று கேட்டாராம். மறுநாள் பாலத்து வரிசையில் நின்றுகொண்டு என்னிடம் அதைச் சொன்னபோது, அவர் குரலே வேறாக இருந்தது. அந்த அம்மையார் யோசித்துவிட்டு, உயரமான ராட்டினம் ஒன்று வேண்டும், மேலே போனால் கடல் தெரிய வேண்டும் என்றாராம். நம் அர்ச்சுனனுக்கு உயரம் என்றால் உதறல். நீ போய் வா, நான் கீழே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றாராம். அதற்குத் தனலெட்சுமி சொன்ன பதிலோடு என் உரையை முடிக்கிறேன்.

"கீழ நின்னு பார்த்ததெல்லாம் போதும்லா. நீங்களும் ஏறுங்க."

திருமதி தனலெட்சுமி அவர்களே, இந்த ஆண்டின் முதல் கணிப்பைச் சொல்ல மேடைக்கு வாருங்கள். அர்ச்சுனன், நீங்களும் எழுந்திருங்கள். இது நான்கே படிதான், பயப்படாமல் அவரோடு ஏறி வாருங்கள்.

பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும், இடையிடையே சிரித்து எனக்கு மூச்சு வாங்க நேரம் கொடுத்த உங்களுக்கும், தேநீரை ஆறவிடாமல் காத்திருக்கும் ஹாஜி அவர்களுக்கும் என் நன்றி. ஒலிவாங்கியைத் தனலெட்சுமியின் கையில் தந்து, உங்கள் எல்லாரையும் வணங்கி அமர்கிறேன்.