சோத்துக் கை

கரண்ட் வர இன்னும் நேரமாகும் போலிருக்கிறது. மெழுகுவர்த்தியை நடுவில் வைத்துவிட்டுக் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது நம் இளங்கோவனுடைய பெரியப்பா சிவசங்கரனுக்கு நடந்தது.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம், மார்கழி. இரவு பதினொன்றே கால். கனகபுரா ரோட்டில் கடைசி பஸ்ஸை விட்டு இறங்கினால் அவர் வீட்டுக்கு ஒன்றரை மைல் மண் பாதை. இரண்டு பக்கமும் தைலமரம். விளக்குக் கம்பம் ஒன்றுகூடக் கிடையாது. மகள் அதிதிக்கு வாங்கிய மரிக்கொழுந்துப் பொட்டலம் வலது கையில், அதன் நூல் விரலில் சுற்றியிருக்கிறது. தைல வாசனை, மரிக்கொழுந்து வாசனை, எங்கேயோ எருக்குழி வாசனை... நடந்துகொண்டிருந்தவருக்குச் சட்டென்று எதுவுமே வாசனை வரவில்லை. பொட்டலத்தை மூக்கருகே வைத்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

அப்போது நூல் இழுபட்டது. கீழ்ப்பக்கமாக. ஒரு தடவை... இன்னொரு தடவை.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. யாரென்று தெரியும்.

உங்களுக்கு அது புரிய, செப்டிக் டேங்க் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்தப் பக்கம் சாக்கடை லைன் வரவில்லை. அரசு இஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்ற சிவசங்கரன் தானே வரைந்து கட்டிய தொட்டி அது. உள்ளே ஒரு தடுப்புச் சுவர், இரண்டு அறை. கனமானது அடியில் படியும். எண்ணெய்ப் பிசுக்கு மேலே ஏடாக மிதக்கும். நடுவில் தெளிந்த நீர் மட்டும் சுவரின் துவாரம் வழியாக அடுத்த அறைக்குப் போய், அங்கிருந்து மண்ணுக்குள் இறங்கும். அழகான ஏற்பாடு. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை லாரி வைத்து அடி வண்டலை உறிஞ்சினால் போதும், ஆளை இறக்க வேண்டியதே இல்லை. விட்டுவிட்டால் துவாரம் அடைத்துக்கொள்ளும். உள்ளே வாயு தேங்கும். அது கொஞ்சமாக இருந்தால் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமானால் மூக்கே செத்துப்போகும், நாற்றம் தெரியாது. நாற்றம் நின்றால்தான் பயப்பட வேண்டும்.

இதெல்லாம் சிவசங்கரனுக்கும் தெரியும்.

எட்டு மாசத்துக்கு முன்னால், அதிதியைப் பெண் பார்க்க மைசூரிலிருந்து வருகிற அன்று காலை, பாத்ரூமில் தண்ணீர் எதிர்த்து வந்தது. லாரி நாலு நாள் கழித்துத்தான் வரும் என்றார்கள். ஸ்ரீராம்புரத்திலிருந்து, தொட்டியில் இறங்கிச் சுத்தம் செய்கிற உத்தமனை வரவழைத்தார். தொட்டிக்கு இரண்டு ஸ்லாப். காற்றுப் போக இரண்டையும் திறக்க வேண்டும். ஆனால் பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று இரண்டாவதன் மேல் அவரே டைல்ஸ் ஒட்டியிருந்தார். உடைக்க மனம் வரவில்லை. ஒன்றை மட்டும் ஒன்பது மணிக்குத் திறந்து, பத்தரைக்கு உத்தமன் இறங்கத் தயாரானார்.

கூட வர வேண்டிய ஆள் வரவில்லை. இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையை உத்தமன் நீட்டினார். சிவசங்கரன் இடது கையால் வாங்கினார்.

உத்தமன் சிரித்தார். "சோத்துக் கைல புடிங்க சார். அப்பத்தான் மறக்க மாட்டீங்க."

"சரி சரி, எறங்குப்பா."

"ஒரு தபா இழுத்தா பக்கெட்டு. ரெண்டு தபா இழுத்தா நான். கைலயே வெச்சிக்கிங்க சார், எதுலயும் கட்டிடாதீங்க."

சிறிது நேரத்தில் வாசலில் கார் சத்தம். மனைவி பாகீரதி ஓடி வந்தாள். "என்னங்க, வந்துட்டாங்க. இந்தக் கோலத்துல நிக்கிறீங்களே. அவங்க இந்தப் பக்கம் வந்துரப் போறாங்க."

இந்தக் கயிற்றைப் பிடித்தபடி சம்பந்தி முன்னால் நிற்பதா? ஜன்னல் கம்பியில் முடிந்தார். ரெண்டே நிமிஷம் என்று நினைத்தார். கை கழுவி, சட்டை மாற்றி, ஹாலுக்குப் போய்க் கும்பிட்டார். நாற்றம் கொஞ்சமும் இல்லை. அவருக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது.

காபி வந்தது. அப்போது பின்பக்கத்து ஜன்னல் கம்பி... டங். டங்.

"என்ன சத்தம்?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"பூனை," என்றார் சிவசங்கரன்.

அவர்கள் கிளம்ப இருபது நிமிஷம் ஆயிற்று.

போலீஸ் விபத்தென்று எழுதிக்கொண்டது. பத்து நாள் கழித்து உத்தமனின் மனைவி யசோதா வந்தாள். வாசலில் நின்றபடியே ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ரெண்டு தபா இழுத்தாரா சார்?"

"இழுக்கவே இல்லம்மா. கயிறு என் கைலதான் இருந்துச்சு."

"ஜாக்கிரதயான ஆளு சார் அவரு," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

தைலமரப் பாதையில் ஆரம்பித்தது தினமும் வந்தது. கொசுவலைக் கயிறு, பைஜாமா நாடா, கேட்டுச் சங்கிலி... முதலில் வாசனை போகும். பிறகு இரண்டு இழுப்பு. எட்டாம் நாள் பொறுக்க முடியவில்லை. யசோதாவிடம் உண்மையைச் சொல்லிவிடுவதென்று ஸ்ரீராம்புரத்துக்குப் பஸ் ஏறினார்.

போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. சந்து முழுக்கக் கருவாடு வறுக்கும் வாசனை. யசோதா அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். "உள்ள வாங்க சார்," என்றாள். அவர் படியிலேயே நின்றார். வாயைத் திறந்தார்...

வாசனை போய்விட்டது. வாணலியில் கருவாடு பொரிகிற சத்தம் கேட்கிறது. வாசனை மட்டும் இல்லை. அறைக்குக் குறுக்கே கட்டிய துணிக்கொடி இழுபட்டது. இரண்டு தடவை.

யசோதா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வந்துட்டாரு," என்றாள். "தெனமும் இப்படித்தான் சார். 'சும்மா ஏன்யா இழுக்குற, அன்னைக்கு நீ இழுக்கவே இல்லன்னு சார் சொன்னாரே'ன்னு நானும் சொல்லிப் பாத்துட்டேன். கேக்க மாட்டேங்கறாரு. நீங்களே ஒரு வார்த்த சொல்லிடுங்க சார்."

கொடியில் தொங்கிய சட்டை அசையாமல் நின்றது. கேட்கக் காத்திருக்கிற மாதிரி.

சிவசங்கரன் சொல்லத்தான் நினைத்தார். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"பூனையா இருக்கும்மா."

யசோதா அப்போதுதான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். கருவாட்டு வாசனை திரும்பி வந்தது.

அதன் பிறகு அவள் வீட்டுக் கொடி அசையவில்லையாம். அவர் வீட்டிலும் எந்தக் கயிறும் அசையவில்லை.

தை மாசம் அதிதியின் கல்யாணம். பந்தியில் அத்தனை சொந்தக்காரர்களுக்கும் நடுவில், பெரியப்பா இடது கையால் பிசைந்து சாப்பிடுவதை இளங்கோவன் பார்த்தான். பக்கத்து இலைக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். "என்ன பெரியப்பா இது?" என்றான். அவர் இதுவரை நான் சொன்னதையெல்லாம் தலை நிமிராமல் அவனிடம் சொன்னார். யசோதாவிடம் இன்னும் சொல்லவில்லை என்றும் சொன்னார். பிறகு வலது கையை நீட்டினார்.

"புடிச்சுப் பாரு."

இளங்கோவன் பிடித்தான்.

கை கீழே இழுபட்டது. ஒரு தடவை... இன்னொரு தடவை.

அவன் இலையில் அப்போதுதான் ரசம் விட்டுப் போயிருந்தார்கள். ஆவி பறந்துகொண்டிருந்தது. வாசனை இல்லை.