இத்தா இருந்த கால்

இல்ல டொக்டர் தங்கச்சி, கால் வீங்கினதுக்கெல்லாம் வார்டுல படுக்கேலா. ஊசியப் போடுங்க, குளிசையத் தாங்க, நான் ஊட்ட போறன். என்ட இத்தா இன்னும் முடியல்ல.

நீங்க திருக்கோவில் தமிழ் ஆள்தானே, உங்களுக்கு விளங்கா. புருஷன் மௌத்தாப் போனா எங்கட பொம்புளையள் நாலு மாசமும் பத்து நாளும் ஊட்டுக்குள்ளயே இருக்கோணும். அன்னிய ஆம்புளையளுக்கு முகம் காட்டேலா. அதான் இத்தா.

ஓம், வருத்தமெண்டா ஆசுபத்திரிக்குப் போகலாம்தான். மௌலவியும் அப்பிடித்தான் செல்லிவிட்டார். ஆனா சுல்பிகா சும்மா இருப்பாளா? மூத்தவள் பாதியில எழும்பிப் போயிட்டாளாம் எண்டு சாய்ந்தமருது ஊர் வரைக்கும் கேக்கக் கதைப்பாளே.

யாரா? என்ட மனிசன் கலந்தர்ர ரெண்டாம் பொஞ்சாதி.

நடந்து திரிஞ்சதா? எங்க தங்கச்சி நடக்கிற! ஒரு அறை, ஒரு பாய், மடக்கின கால். மார்க்கத்துல அப்பிடி இல்லதான். ஊட்டுக்குள்ள நடக்கலாம், சமைக்கலாம். என்ட கூடப்பொறந்த ராத்தாவும் செல்லிச் செல்லிக் களைச்சிப் போயிட்டா. நான் எழும்பல்ல. அடிக்கடி எழும்ப வேண்டி வருமெண்டு தண்ணியும் குறைச்சித்தான் குடிச்ச. பாக்க வாற பொம்புளையள், இவளல்லவா பொஞ்சாதி, இம்மியும் அசையிறாளில்ல எண்டு போய்க் கதைக்கோணும். அது அவள்ட காதுல விழோணும்.

சிரிக்காதீங்க.

அவள்ட இத்தா எப்பவோ முடிஞ்சி. வயித்துல புள்ள இருந்தா, அது பொறந்த உடன இத்தா முடிஞ்சிரும். மனிசன அடக்கின மாசமே பெத்திட்டாள். ஆம்புளப் புள்ள. அவர்ட மூக்காம். எனக்கு மட்டும் முழு இருப்பு.

அந்த ரெத்தக் கதையத் திரும்பச் செல்லுங்க. ஓம், ரெத்தத்துக்குள்ள குறுணல் மாதிரிச் சின்னச் சின்னத் தட்டு. அதுர மேலெல்லாம் புரதக் கொக்கி. சும்மா நேரம் மடங்கிக் கிடக்கும், வெட்டுப்பட்டா விரிஞ்சி ஒண்டையொண்டு பிடிச்சி ஓட்டைய அடைக்கும். நல்ல வேலதானே. என்ட கால்ல வெட்டுமில்ல, குத்துமில்ல. பிறகு என்னத்துக்கு விரிஞ்சது?

ஆ. ஓடாம நிண்டதால. வாய்க்கால்ல சல்வீனியாச் செடி அடைஞ்ச மாதிரி. அது கழண்டு நெஞ்சுக்குப் போனா ஆள் முடிஞ்சி எண்டுறீங்க.

பயம்தான். ஆனா எங்கட ஊர்ல எத்தனை பேர் இத்தா இருக்காங்க? எனக்கு மட்டும் ஏன்?

என்ட ரெத்தமே ஒட்டிற ரெத்தமா இருக்கலாமா? தட்டுல உள்ள கொக்கியெல்லாம் காரணமில்லாம விரியிற ரெத்தமா?

அதுக்கா தங்கச்சி முந்தியே கேட்டீங்க, புள்ள ஏதும் தங்காமப் போனதா எண்டு? நான் அதுக்கு வாய் திறக்கல்ல என்ன. மூண்டு. கடைசி, தொண்ணூத்திரெண்டுல. அஞ்சாம் மாசம். விரலெல்லாம் இருந்திச்சி.

புள்ளைக்குப் போற ரெத்தமும் இப்பிடித்தான் அடைஞ்சிருக்குமோ? சோதிச்சாத்தான் தெரியுமா? எடுங்க, எடுத்துக் கொழும்புக்கு அனுப்புங்க. சண்டைக்கு ரோட்ட மூடாட்டிப் போகும்தானே.

அப்ப என்ட வயித்துல குத்தமில்லாமலும் இருக்கலாம். மாமி செல்லுவா, இவள்ட வயிறு உப்புத் தரை, என்ன விதைச்சாலும் முளைக்காது எண்டு. அதச் செல்லித்தானே மகனுக்கு சுல்பிகாவ முடிச்சி வெச்ச.

மருந்து இருக்கா அதுக்கு? அப்பயும் இருந்திச்சா? இருந்திச்சி எண்டுறீங்க.

ம்.

சரி, கட்டிலக் காட்டுங்க. படுக்கிறன்.

மறுகா ஒண்டு, தங்கச்சி, வெளிய வாங்குப் பலகையில ராத்தாக்குப் பக்கத்துல ஒருத்தி கஞ்சிப் போத்தலோட இருப்பாள். அவள்தான் சுல்பிகா. கூப்பிடாமலே பின்னால வந்திட்டாள். அவள உள்ளுக்கு வரச் செல்லுங்க. நீங்களே செல்லுங்க, குத்தம் வயிறில்ல, ரெத்தமா இருக்கலாம் எண்டு. நான் செல்லி நம்பமாட்டாள்.

புள்ளைய ராத்தாட்டக் குடுத்திட்டு வரட்டும்.