தெரிவிக்கப்பட்டது

எந்தப் பொருளும் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும் எனக்கு. மேசையில் பேனா சற்றுக் கோணலாகக் கிடந்தாலும் வேலை ஓடாது. ஐந்து ஆராய்ச்சி மருத்துவமனைகளின் ஸ்கேன் படங்களை ஒரே இடத்தில் சேர்க்கும் திட்டத்தை என்னிடம் கொடுத்ததே அதற்காகத்தான்.

திட்டம் எளிது. படத்திலிருந்து பெயரை நீக்கிவிட்டு ஓர் எண் கொடுப்போம். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் என்னிடம் மட்டும் இருக்கும். படம் பார்க்கும் மருத்துவர் எதிர்பாராத நோய் எதையாவது கண்டால் எனக்கு எழுதுவார். நான் உரியவரிடம் சொல்லிவிட்டு, படிவத்தில் 'தெரிவிக்கப்பட்டது' என்ற கட்டத்தில் குறியிட வேண்டும். யாருக்கு என்று கேட்கும் கட்டம் இல்லை. கூட்டத்தில் ஏழு பேர் அந்தப் படிவத்தைப் படித்தார்கள். ஒருவருக்கும் உறைக்கவில்லை. அன்றைக்கு எனக்கும் உறைக்கவில்லை.

கருவிகளை ஒப்பிட, நோயில்லாத சிலர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து படம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆள் கிடைக்காமல் நான் அலைந்தபோது அண்ணன்தான் முன்வந்தான். "உனக்காக வரேன்டா" என்றான். வந்த முதல் நாளே வரவேற்பு மேசைப் பெண்ணிடம், "என் தம்பிதாம்மா. படத்துக்கு நம்பர் ஒட்டற உத்தியோகம்" என்றான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அண்ணன் கெட்டவன் இல்லை. சிறுவயதிலிருந்தே என்னை வைத்துத்தான் நாலு பேரைச் சிரிக்க வைப்பான்.

இரண்டாம் படத்துக்குப் பிறகு மருத்துவர் எழுதினார்: 'எண் 417. இடது சிறுநீரகத்தில் சிறு கட்டி. இப்போதே எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வார். உடனே தெரிவிக்கவும்.'

பட்டியலைத் திறந்தேன். அண்ணன் பெயர். எனக்குத் தெரிந்துவிட்டது, நானோ உடன்பிறந்தவன். கட்டத்தில் குறியிட்டேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அடுத்தடுத்துப் படம் பார்த்தவர்கள் அந்தக் குறியைக் கண்டு, சிகிச்சை நடக்கிறது என்று விட்டுவிட்டார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நானே அண்ணனுக்கு போன் செய்து வரச்சொன்னேன். ஒருநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"வலி உயிரை எடுக்குதுடா. படத்துல ஏதாவது தெரியுதா?"

"நான் நம்பர் ஒட்டறவன்தானே அண்ணா. எனக்கென்ன தெரியும்?"

சிரித்தான். நானும் சிரித்தேன். நாங்கள் அவ்வளவு இணக்கமாக என்றுமே இருந்ததில்லை.

வேறொரு மருத்துவமனையில் கண்டுபிடித்தபோது கட்டி நுரையீரல்வரை போயிருந்தது. அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "கூடவே இருந்து பார்த்துக்கிட்டீங்களே" என்று அழுதாள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆறு படங்கள், ஒன்றுகூட விடுபடவில்லை. தெரிந்தும் அவரே சிகிச்சை வேண்டாம் என்றிருப்பார் என்று எண்ணிய ஆராய்ச்சியாளர்கள், மருந்தே படாமல் வளர்ந்த கட்டியின் பட வரிசை கிடைப்பது அரிது என்று என்னைப் பாராட்டினார்கள்.

நான்தான் சாகவிட்டேன், வாக்குமூலத்தில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அவன் பெயரை மட்டும் போட வேண்டாம். 417 என்றால் போதும். நாலு பேர் முன்னால் அண்ணனை நான் விட்டுக்கொடுத்ததே இல்லை.