மேகத்தை ஒட்டி ஒரு நட்சத்திரம்

நாத்தனார்: அண்ணி, கேக்குக்கு நிஜமாவே சொல்லிட்டீங்களா?

அண்ணி: நான் எங்க சொன்னேன்? உங்க அண்ணன்தான் கடையில நிக்கறார். பல் டாக்டர் வாங்கற கேக்கு. சர்க்கரையை அள்ளிக் கொட்டச் சொல்லித்தான் வாங்குவார். நாளைக்கு எல்லாரும் அவர்கிட்டயே வாயைத் திறந்துட்டுப் போய் நிக்கணும்ல.

நாத்தனார்: சாயந்திரம் கூட்டம் முடியட்டும்னு பொறுத்திருக்கலாம்...

அண்ணி: எதுக்குப் பொறுக்கணும்? வேலைக்குத் திரும்பி வந்ததுல இருந்து அந்த இருட்டு ரூம்ல உக்காந்து முதுகு வளைஞ்சு போச்சு. பக்கத்து கேலக்ஸியையே சல்லடை போட்டுச் சலிச்சேன். ஒண்ணும் தேறல. இப்போதான் ஒண்ணே ஒண்ணு சிக்கியிருக்கு.

நாத்தனார்: அது சரி. ஆனா...

அண்ணி: ஆனாவும் இல்ல, ஆவன்னாவும் இல்ல. டீயைக் குடி, ஆறுது.

நாத்தனார்: எனக்கு இறங்கல.

அண்ணி: ஏன், கூட்டத்துல உன் வேலைக்கா ஆபத்து? தலைவர் என்ன சொல்வார்னு எனக்குத் தெரியும். "பிள்ளை வளர்க்கப் போயிட்டு வந்த அம்மாவுக்குக் கண்ணு மழுங்கிப் போச்சு, இனிமே படத்தை எல்லாம் கம்ப்யூட்டரே பாக்கட்டும்"னு நாசூக்கா ஆரம்பிப்பார். நான் இந்த நட்சத்திரத்தை எடுத்து மேஜையில போடுவேன். அதுக்கு அப்புறம் என் நாற்காலியை யார் அசைக்கறாங்கன்னு பாக்கறேன்.

நாத்தனார்: இதை நம்பித்தான் இருக்கீங்களா?

அண்ணி: வேற எதை நம்பறது? உங்க அம்மாவையா?

நாத்தனார்: அண்ணி, நான் விளையாடல.

அண்ணி: நானும்தான் விளையாடல. இரு, போன் அடிக்குது. அவர்தான். ஸ்பீக்கர்ல போடறேன்... சொல்லுங்க.

அண்ணன்: கேக்கு ரெடி. மேல என்ன எழுதணும்னு கேக்கறார். "வாழ்த்துகள்"னு போட்டுடவா?

அண்ணி: அது யாருக்கு வேணா எழுதறது. நட்சத்திரத்துக்குப் பொருத்தமா ஏதாவது எழுதச் சொல்லுங்க.

அண்ணன்: அதுதான் எனக்குப் புரியல. வானத்துல கொள்ளை கொள்ளையா நட்சத்திரம் கிடக்கு. அதுல ஒண்ணு கூடினதுக்கு என்ன கொண்டாட்டம்? நான் ஒரு பல்லு பிடுங்கினா யாராவது கேக்கு வெட்டறாங்களா?

அண்ணி: நீங்க பிடுங்கறது எல்லார் வாயிலயும் இருக்கறது. இது அப்படியா? நம்ம பால்வீதியில கோடி கோடியா நட்சத்திரம் இருக்கு. அதுல இந்த ரகம் சில நூறுதான் கண்ணுக்குச் சிக்கியிருக்கு. பக்கத்து கேலக்ஸியில இன்னும் கொஞ்சம். அவ்வளவு அபூர்வம்.

அண்ணன்: அப்படி என்ன விசேஷம் அதுக்கு?

நாத்தனார்: உடம்பு பெருசு, சூடு ஜாஸ்தி, ஆயுசு கம்மி, அண்ணா. சூரியனை எல்லாம் தூக்கிச் சாப்பிட்டுடும். தன் சூட்டைத் தானே தாங்க முடியாம, மேல போத்தியிருக்கற வாயுவை எல்லாம் பெரிய காத்தா வீசி எறிஞ்சிடும். அப்புறம் உள்ள இருக்கறது வெளிய தெரியும்.

அண்ணன்: நான் வெயில்ல வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழட்டி எறியற மாதிரி.

அண்ணி: உடம்பு பெருசுங்கற வரைக்கும் பொருத்தம்தான்.

அண்ணன்: சரி, அவ்வளவு கூட்டத்துல இதை மட்டும் எப்படிப் பிடிச்சே?

அண்ணி: ஒரே இடத்தை ரெண்டு தடவை படம் எடுப்போம். இந்த ரகத்தோட வெளிச்சம் மட்டும் தூக்கலா வர்ற ஒரு கண்ணாடி வழியா ஒரு தடவை, வேற கண்ணாடி வழியா இன்னொரு தடவை. ரெண்டையும் மாத்தி மாத்திப் பாத்தா, மத்தது எல்லாம் கல்லு மாதிரி இருக்கும். இது மட்டும் பளிச்சுன்னு வரும், மங்கும். கண்ணடிக்கற மாதிரி.

அண்ணன்: கண்ணடிச்சதுக்கா இவ்வளவும்? கல்யாணத்துக்கு முன்னாடி நான் உன்னைப் பாத்து...

அண்ணி: ஸ்பீக்கர்ல இருக்கீங்க. தங்கச்சி பக்கத்துல இருக்கா.

நாத்தனார்: நான் எதையும் கேக்கல.

அண்ணன்: நல்ல பொண்ணு. சரி, எழுத்து. கடைக்காரர் கிரீமைப் பிடிச்சுட்டு நிக்கறார்.

அண்ணி: "கண்ணு நல்லாத்தான் இருக்கு"ன்னு எழுதச் சொல்லுங்க.

அண்ணன்: பல் டாக்டர் போய்க் கண்ணைப் பத்தி எழுதச் சொன்னா என்ன நினைப்பார்?

நாத்தனார்: அண்ணா, ஒண்ணும் எழுத வேணாம். வெறும் கேக்கா வாங்கிட்டு வாங்க.

அண்ணன்: ஏன் வாண்டு? உன் குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?

நாத்தனார்: ஒண்ணும் இல்ல... தொண்டை.

அண்ணி: காலையில நான் டிபன் சாப்பிடறப்ப விஷயத்தைச் சொன்னதுல இருந்து இவளுக்குத் தொண்டைதான். நீங்க எழுதச் சொல்லுங்க, வைக்கறேன்... ம், இப்போ சொல்லு. என்ன உனக்கு?

நாத்தனார்: காலையில சொன்னீங்களே... படத்தோட மூலையில, அந்தப் பெரிய வாயு மேகத்தை ஒட்டின்னு. அங்கதானே?

அண்ணி: அங்கயேதான். ஏன், நான் குறிச்சு வச்ச படத்தை நீ பாக்கக் கூடாதே. அது சட்டம்.

நாத்தனார்: பாக்கல. கேட்டேன்.

அண்ணி: கேக்கவும் கூடாது. பொய் நட்சத்திரம் வைக்கறவ நீ. தேடறவ நான். நீ படத்துக்குள்ள பொய்யா சிலதை வைப்பே, நான் அதைக் கண்டுபிடிக்கறேனான்னு பாத்து என் கண்ணுக்கு மார்க்கு போடுவாங்க. எத்தனை பொய், எங்கேன்னு சாயந்திரம் கூட்டத்துலதான் நீ வாயைத் திறக்கணும். உங்க அம்மாகூட என்னை இந்த அளவுக்குச் சோதிச்சதில்ல.

நாத்தனார்: ஒருவேளை... இது நான் வச்சதா இருந்தா?

அண்ணி: எது?

நாத்தனார்: உங்க நட்சத்திரம்.

அண்ணி: மேகத்து மேலயா? மேகத்துக்கிட்ட பொய் வைக்கறதில்லன்னு நீதானே முன்னாடி ஒரு நாள் சொன்னே? இடத்தைக் கம்ப்யூட்டர்தான் குலுக்கிப் போடும், மேகம் வந்தா தள்ளி விட்டுடும்னு.

நாத்தனார்: கம்ப்யூட்டர் அப்படித்தான் பண்ணும்.

அண்ணி: அப்புறம் என்ன?

நாத்தனார்: கம்ப்யூட்டர் வைக்கலன்னா?

அண்ணி: வேற யாரு வைப்பா?

நாத்தனார்: டீ ஆறிடுச்சு, நான் வேற எடுத்துட்டு வரேன்.

அண்ணி: வாண்டு. நிமிர்ந்து பாரு.

நாத்தனார்: நான்தான் அண்ணி. என் கையாலயே வச்சேன்.

அண்ணி: ஏன்?

நாத்தனார்: அன்னிக்கு மொட்டை மாடிக்குத் துணி எடுக்க வந்தேன். தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி நீங்க உக்காந்து அழுதுட்டு இருந்தீங்க. என்னைப் பாக்கல. "எனக்குக் கண்ணு போயிடுச்சு போல, ஒண்ணுகூட கிடைக்கல"ன்னு யார்கிட்டயோ போன்ல சொல்லிட்டு இருந்தீங்க.

அண்ணி: அதைக் கேட்டுட்டியா...

நாத்தனார்: எனக்குத் தாங்கல. வீட்டுல ஒரு நாளும் நீங்க அழுது நான் பாத்ததில்ல. எனக்குக் காய்ச்சல் வந்தப்ப ராத்திரி முழுக்க முழிச்சிருந்தீங்க, எனக்குப் பரீட்சை போனப்ப அம்மாகிட்ட எனக்காகச் சண்டை போட்டீங்க, எப்பவும் சிரிச்சுட்டே. மறுநாள் ஆபீஸுக்கு வந்ததும் முதல் வேலையா ஒண்ணை வச்சேன். மத்ததை விடக் கொஞ்சம் பளிச்சுன்னு. கண்டிப்பா உங்க கண்ணுல படணும்னு.

அண்ணி: அப்புறம் அது பொய்னு தெரியறப்ப நான் என்ன ஆவேன்னு யோசிக்கலையா?

நாத்தனார்: ஒரு வாரம் சந்தோஷமா இருப்பீங்க, பொய்னு தெரிஞ்சாலும் பொய்யைப் பிடிச்சதுக்கு மார்க்கு வரும், கண்ணு நல்லாத்தான் இருக்குன்னு தெம்பு வரும்னு நினைச்சேன். நீங்க கேக்கு வரைக்கும் போவீங்கன்னு யாரு கண்டா?

அண்ணி: இந்த அழகுக்கு, ஆசையா இன்னும் பெருசா ஒண்ணு வைக்கறதுதானே?

நாத்தனார்: நினைச்சேன். இதே ரகத்துல அந்த ஆக்ஸிஜன் வகை இருக்கே... வெடிக்கறதுக்குக் கொஞ்சம் முந்தின கட்டம், ரெண்டு லட்சம் டிகிரி வரைக்கும் கொதிக்கறது... அதையே வச்சுடலாமான்னு பாத்தேன். பால்வீதி முழுக்கத் தேடினாலும் அது விரல் விட்டு எண்ணற அளவுதான். நீங்க நம்ப மாட்டீங்கன்னு விட்டுட்டேன். சாதா ரகத்துலயே ஒண்ணு வச்சேன்.

அண்ணி: பொய்யிலயும் ஒரு நிதானம்.

நாத்தனார்: கிண்டல் பண்ணாதீங்க அண்ணி. என்னைத் திட்டுங்க.

அண்ணி: திட்டத்தான் போறேன். சோதனைன்னா சோதனை. எனக்குன்னு ஒண்ணைக் கண்ணுல படற மாதிரி வச்சா என் மார்க்குக்கு என்ன மதிப்பு? அழுதவளுக்கு எல்லாம் ஆளுக்கு ஒண்ணு வைப்பியா?

நாத்தனார்: மாட்டேன்.

அண்ணி: கூட்டத்துல நீயே எந்திரிச்சுச் சொல்லணும்.

நாத்தனார்: சொல்லிடறேன். அந்த ஒண்ணு நான் கையால வச்சது, கணக்குல சேக்காதீங்க, அண்ணிக்கு எதுவும் தெரியாதுன்னு. வேலை போனாலும் பரவாயில்ல.

அண்ணி: வேலை எல்லாம் போகாது. நல்லாத் திட்டு விழும், வாங்கிக்கோ. மூக்கைத் துடை. கைக்குட்டை எங்க? இந்தா, என்னோடதை எடுத்துக்கோ.

நாத்தனார்: உங்களுக்கு அதிர்ச்சியாவே இல்லையா?

அண்ணி: ஒண்ணு கேக்கறேன். நீ வச்ச நட்சத்திரம் என்ன வடிவம்?

நாத்தனார்: வடிவமா? வட்டம்தான். நட்சத்திரம் வேற எப்படி இருக்கும்?

அண்ணி: நடுவுல இருந்தா வட்டம். மூலையில? நம்ம டெலஸ்கோப்பு ஓரத்துல இருக்கறதை எல்லாம் கொஞ்சம் இழுத்துவிடும், மறந்துட்டியா? மூலையில அத்தனை நட்சத்திரமும் முட்டை முட்டையா இருக்கும். கம்ப்யூட்டர் பொய் வச்சாக்கூட அங்கங்க இருக்கற மாதிரி இழுத்துத்தான் வைக்கும். முட்டைக் கூடைக்கு நடுவுல ஒரே ஒரு கோலிக்குண்டு பளபளன்னு உக்காந்திருந்தா எனக்குத் தெரியாதா?

நாத்தனார்: ஐயோ... இழுக்க மறந்தே போச்சு.

அண்ணி: ஆசை கண்ணை மறைச்சிடுச்சு.

நாத்தனார்: அப்போ உங்களுக்கு... எப்போ தெரியும்?

அண்ணி: பாத்த அன்னிக்கே. இவ்வளவு அன்பா, இவ்வளவு மோசமா வைக்க இந்த ஆபீஸ்ல ஒருத்திதான் இருக்கா. எனக்கு அப்போ அழுகை வந்துச்சு, சிரிப்பும் வந்துச்சு. நீயா வந்து சொல்றியான்னு பாத்துட்டு இருந்தேன். இன்னிக்காவது வந்தியே.

நாத்தனார்: தெரிஞ்சுமா காலையில எல்லார்கிட்டயும் சொன்னீங்க? பொய்னு தெரிஞ்சுமா அண்ணனைக் கடைக்கு அனுப்பினீங்க? கூட்டத்துல போய் எதைத்தான் மேஜையில போடப் போறீங்க, அண்ணி?

அண்ணி: உன்னோடதைன்னு நான் எப்போடி சொன்னேன்? உன் கோலிக்குண்டை விட்டு என்னால கண்ணை எடுக்க முடியல. மனசு கேக்காம ரெண்டு நாள் அதையே மாத்தி மாத்திப் பாத்துட்டு இருந்தேன். அப்போதான் அதுக்குக் கீழ, மேகத்தை ஒட்டி, மங்கலா இன்னொண்ணு கண்ணடிச்சுது. முட்டை மாதிரி. வேற டெலஸ்கோப்புல எப்பவோ எடுத்த பழைய படத்தைத் தேடி எடுத்தேன், அதுலயும் இருக்கு. அங்க உன் கை எட்டாது. பெரிய டெலஸ்கோப்புல என்கூடப் படிச்சவ ஒருத்தி இருக்காளே, அவகிட்டக் கெஞ்சினேன். ஒளியைப் பிரிச்சுப் பாத்து இன்னிக்குக் காலையில அனுப்பினா. அண்ணி நம்ப மாட்டாங்கன்னு நீ வைக்காம விட்டியே, அந்த ஆக்ஸிஜன் வகைதான்.