ஒரே ஒரு முறை மச்சான்

நெடுந்தூரம் வண்டி ஓட்டுகிறவனுக்குப் பக்கத்தில் வாயாடி ஒருவன் இருப்பது நல்லது, சார். தூக்கம் வராது. ஹரீஷ் அந்த வகை. ஈப்போவில் ஏறியவன் பினாங்குப் பாலம் வரை வாயை மூடவில்லை. கோட்டையைப் பார்க்கணும், பழைய தெருக்களில் நடக்கணும், சுவரில் வரைந்திருக்கிற படங்களுக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுக்கணும், வரிசையில் நின்று நாசி கண்டார் சோறு சாப்பிடணும் என்று ஒரே பேச்சு. நானும் சிரித்துக்கொண்டுதான் ஓட்டினேன். பார்க்கிறவர்கள் எங்களை அண்ணன் தம்பி என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அப்படித்தான் இருந்தோம். ஒரே கையுறைத் தொழிற்சாலை, ஒரே ஷிப்டு. அவனுக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள யாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமையானால் என் வீட்டில்தான் சாப்பாடு. என் தங்கை காமினி பரிமாறுவாள். என்னை அவன் 'கோகிலன்' என்று ஒரு நாளும் பெயர் சொன்னதில்லை. எப்போதும் அண்ணேதான், கிளம்புவதற்கு முதல் நாள் மாலை வரை.

"நாளைக்குக் காலையில ரெடியா இருங்க மச்சான்" என்று போனில் சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

நீங்களும் தமிழர், சார், உங்களுக்குப் புரியும். இந்த நாட்டில் பையன்கள் கண்டவனையும் மச்சான் என்பார்கள். மலாய்க்காரனும் சொல்கிறான், சீனனும் சொல்கிறான். 'டேய் மச்சான்' என்றால் அது விளையாட்டு. 'இருங்க மச்சான்' என்றால் அது முறை. பெண் கொடுத்த வீட்டுக்காரனை மரியாதையோடு அப்படிக் கூப்பிடுவார்கள். நான் யாருக்கும் பெண் கொடுக்கவில்லை. என் வீட்டில் இருந்தது ஒரே ஒரு பெண்.

அவளிடம் கேட்டேன். அப்பா அம்மா போன பிறகு அவளுக்குச் சடை பின்னிவிட்டவன் நான். அவளுக்காகவே கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவன். என்னிடம் மறைக்க அவளுக்கு என்ன இருக்கிறது?

"உனக்கென்ன பைத்தியமாண்ணே? அவரு எனக்கு அண்ணன் மாதிரிலா" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. திரும்பவும் கேட்டேன்.

காலையில் ஹரீஷ் வந்து, "காமினி இன்னும் எழுந்திரிக்கலையா அண்ணே?" என்றான். தூங்கட்டும் என்றேன். ஒரே ராத்திரியில் நான் மறுபடியும் அண்ணே ஆகிவிட்டேன், கவனித்தீர்களா? உஷாராகிவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

தைப்பிங் தாண்டியதும் அவனே ஆரம்பித்தான். "உங்ககிட்ட ஒரு முக்கியமான விஷயம் சொல்லணும் அண்ணே. இப்ப வேணாம், பினாங்கு போய்ச் சேந்ததும் சொல்றேன்." காது மடல் வரை சிவந்துவிட்டது பயலுக்கு. எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. அவன் வாயாலேயே சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். நான் செய்ததற்கெல்லாம் ஒரு அர்த்தம் வந்துவிடும்.

அதனால் அவசரப்படுத்தவில்லை. கோட்டையைப் பார்த்தோம். படகுத்துறைப் பக்கம் நடந்தோம். பாசார் ஸ்திரீட்டில் ஒரு புடவைக் கடைக்குள் என்னை இழுத்துக்கொண்டு போனான். எந்தக் கலர் நன்றாக இருக்கும் என்று கேட்டான். காமினிக்குப் பச்சை எடுப்பாக இருக்கும் என்றேன். "அப்ப பச்சையே எடுப்போம்லா" என்றான். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அன்றைக்கு மத்தியானம் நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

நாங்கள் அறை எடுத்தது சூலியா ஸ்திரீட்டுக்குப் பின்னால், சீனர்களின் பழைய கடைவீடு ஒன்றில். மாடியில் பலகைத் தரை. சாப்பிட்டுவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தோம். புடவையை மடியில் வைத்துக்கொண்டு போனில் ஒரு படத்தைக் காட்டினான்.

"இவ பேரு அதிராண்ணே. பட்டர்வொர்த். நாளைக்கு ஃபெர்ரி ஏறிப் போயி இவங்க வீட்டுல பேசணும். எனக்கு அண்ணன்னு வேற யாரு இருக்கா? நீங்கதான் பொண்ணு கேக்கணும்."

நல்ல பெண்தான். கன்னத்தில் குழி விழுந்தது. நான் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நேத்து என்னை ஏன் மச்சான்னு கூப்பிட்ட?" என்று கேட்டேன்.

நாக்கைக் கடித்துக்கொண்டான். "ஐயோ, அப்படியா சொன்னேன்? அதிரா அண்ணன்கிட்ட பேசி போன வச்ச கையோட உங்களுக்கு அடிச்சேன். அவர மச்சான் மச்சான்னு கூப்பிட்டு, அதே வாயில வந்துருச்சு. மன்னிச்சுக்குங்கண்ணே."

அந்த வார்த்தைக்கு நான் கொண்ட அர்த்தம் சரி, சார். அவன் மச்சான் என்று முறை வைத்துத்தான் சொல்லியிருந்தான். ஆள்தான் நான் இல்லை.

இந்த இடத்தில் காமினியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஈப்போவில் என் வீட்டுப் பின்னறையில், கட்டிலுக்குக் கீழே போர்வையில் சுற்றி வைத்திருக்கிறேன். சாவி ஜன்னல் திட்டில் இருக்கிறது. அவளைக் கொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. கழுத்தைப் பிடித்து உண்மையைக் கேட்டேன். பதில் சொல்ல முடியாதபடி பிடித்துக்கொண்டு பதில் கேட்டிருக்கிறேன் என்பது, அவள் கால் அசைவது நின்ற பிறகுதான் உறைத்தது.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஹரீஷ் சொல்வது உண்மை என்றால், காமினி சொன்னதும் உண்மை. உண்மை சொன்ன பிள்ளையை நான் என்ன செய்து வைத்திருக்கிறேன்? அதை எப்படி ஒப்புக்கொள்ள முடியும்? அவன் பொய் சொல்கிறான் என்று புரிந்துகொண்டேன்.

வண்டியின் ஸ்டியரிங் பூட்டைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்திருந்தேன். நல்ல கனமான இரும்பு. முதலில் முழங்காலில் அடித்தேன், ஓடிவிடக் கூடாது என்று. எலும்பு உடைந்த சத்தம் கேட்டது. அவன் கத்துவதற்குள் புடவையை வாயில் திணித்தேன். "காமினியோட பழகுனியா?" என்று கேட்டுவிட்டு எடுத்துவிட்டேன். அவள் விஷயத்தில் செய்த தப்பை இங்கே செய்யவில்லை, பதில் சொல்ல வழி கொடுத்தேன்.

"இல்லண்ணே... சத்தியமா இல்ல... காமினி எனக்குத் தங்கச்சிண்ணே..."

தோளில் அடித்தேன். இல்லை என்றான். விலாவில் அடித்தேன். இல்லை என்றான். தாடையில் அடித்தபோது பல்லோடு ரத்தமாகத் துப்பினான். அது பலகை இடுக்கு வழியாகக் கீழே வரவேற்பு மேசையில் இருந்த ஐனா என்ற பெண்ணின் கை மேல் சொட்டியிருக்கிறது. அவள்தான் உங்களுக்குப் போன் அடித்தது. பாவம், பயந்திருப்பாள். நான் வருத்தப்பட்டதாகச் சொல்லுங்கள்.

அவளுடைய அலறலைக் கேட்டும் நான் நிறுத்தவில்லை. குனிந்து அவன் தலைமுடியைப் பிடித்து, "ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு, விட்டுர்றேன்" என்றேன். நான் அழுதுகொண்டிருந்தேன், சார். அவன் என்னையே பார்த்தான். உடைந்த தாடையோடு, "ஆமாண்ணே... ஆமா..." என்றான்.

அதற்குப் பிறகுதான் தலையில் அடித்தேன். அசைவு நிற்கும் வரை அடித்தேன். பூட்டைத் துடைத்துக் கட்டில் மேல் வைத்துவிட்டு, நீங்கள் வரும் வரை கை கட்டி உட்கார்ந்திருந்தேன்.

இரண்டையும் நான்தான் செய்தேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஹரீஷ் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டான், யாரும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள், சார்.