சாகாத ஓர் அம்மா

—சரி, இந்தத் தடவை எப்படிச் சாகுறேன்? நோயா, விபத்தா?

—அம்மா, மெதுவா. பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பாக்குறாரு.

—பாக்கட்டும். ஓகிகுபோ ஏரியாவுல இந்த உதோன் நூடுல்ஸ் கடைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேரு அனிமே கார்ட்டூன் ஸ்டூடியோக்காரங்கதான். இந்த ஹதோரி யாசுயோன்னா சாகுற அம்மாவுக்குக் குரல் குடுக்குறவதான்னு அவங்களுக்குத் தெரியும். எரிமலையில செத்திருக்கேன், காசநோய்ல செத்திருக்கேன், டிராகன் மிதிச்சுச் செத்திருக்கேன். நீ மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு வந்து உக்காந்தப்பவே புரிஞ்சுபோச்சு, சிகுசா. உன் தொடர்ல நான் பேசுற அம்மா தாகியைக் கொல்லச் சொல்லிட்டாங்க. அதானே?

—இல்லம்மா... அதாவது... முதல்ல கேளேன்.

—கதை எழுதுற பொண்ணுக்கு ஒரு வாக்கியத்தை முடிக்கத் தெரியலை பாரு. உதோன் ஆறுது. சாப்பிட்டுக்கிட்டே சொல்லு.

—போன வாரம் மீட்டிங்ல தயாரிப்பாளர் மொரிவாகி ஆரம்பிச்சாரு. தாகியோட பையன் வீட்டை விட்டுப் பயணம் கிளம்பணும்னா அம்மா இருக்கக் கூடாதாம். அம்மா இருந்தா அவன் ஏன் கிளம்புவான்னு கேக்குறாரு.

—இவங்க கதையில அப்பனுங்களுக்கு மட்டும் வேலை மாற்றல் வரும். வெளியூர் போயி மாசாமாசம் போஸ்ட் கார்டு போடுவானுங்க. அம்மாவுக்கு மாற்றல்னா நேரா மேலோகம்தான்.

—நானும் அதாம்மா சொன்னேன்! தாகி பனி தள்ளுற வண்டி ஓட்டுறவ. ஊர்ல பாதி ரோட்டை அவதான் திறந்து விடுறா. அவளுக்கு அவ வேலை, பையனுக்கு அவன் பயணம், அவ்வளவுதானே, எதுக்குக் கொல்லணும்னு கேட்டேன்.

—என்ன சொன்னாங்க?

—'அப்போ பாக்குறவங்க எதுக்கு அழுவாங்க'ன்னு ஒருத்தர் கேக்குறாரு.

—அடப்பாவி! எனக்கு அவளை எவ்வளவு புடிக்கும் தெரியுமா? முதல் நாள் ஸ்கிரிப்டைத் திறந்தேன், 'தாகி பலமாகத் தும்முகிறாள்'னு போட்டிருந்தே. இத்தனை வருஷத்துல எனக்குத் தும்மல் எழுதினவங்களே கிடையாது. எல்லாரும் இருமல்தான் எழுதுவாங்க. அதுவும் மெல்லிசா, கைக்குட்டைக்குள்ள.

—நீ தும்மினதுல ஒலிப்பதிவு பண்றவரு ஹெட்ஃபோனையே கழட்டிட்டாரு.

—ஆமாடி! நாள் பூரா அந்தச் சந்தோஷம் எனக்கு. முதல்முதல்ல நான் செத்தப்போ வயசு முப்பத்தொண்ணு. அதுவரைக்கும் பள்ளிக்கூடப் பொண்ணு வேஷம்தான். ஒருநாள் காலையில போனா, என்கூடக் காதல் பேசிக்கிட்டிருந்த அதே நடிகர் எனக்குப் பையனா நிக்குறாரு. அவருக்கு என்னைவிட ரெண்டு வயசு கூட! இன்னிக்கும் அந்த மனுஷன் பள்ளிக்கூடப் பையனாத்தான் பேசிக்கிட்டிருக்காரு.

—அய்யோ, அம்மா.

—கேளு. ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து டைரக்டர் சொல்றாரு, 'ஹதோரி, வலி தெரிய வேணாம், புன்னகைதான் தெரியணும். சாகும்போதும் அவ அழகா இருக்கணும்'னு. மைக் முன்னாடி நான் என்னத்தை அழகா இருக்குறது!

—அது டி.வி.ல வந்த ஞாயித்துக்கிழமை எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

—இல்லாம இருக்குமா? உனக்கு ஆறு வயசு. சமையல்கட்டுக்கு ஓடி வந்து என் ஏப்ரனைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டே. நான் இங்கதான்டி இருக்கேன், வெங்காயம் நறுக்குறேன் பாருன்னு சொல்றேன், நீ விட்டாத்தானே? குளிக்கப் போனாக்கூட கதவுக்கு வெளியில உக்காந்து, 'அம்மா, இருக்கியா, அம்மா, இருக்கியா'ன்னு.

—அதுக்குத்தாம்மா தாகியை எழுதினேன். யார் வீட்டுலயோ ஒரு சின்னப் பொண்ணு ஞாயித்துக்கிழமை காலையில நிம்மதியா ரொட்டி தின்னட்டும்னு.

—தெரியும்டி கண்ணு. விடு, இது பொழப்பு. எழுதிடு. பனிச்சரிவுதானே? நல்லபடியா செத்துக் குடுக்குறேன்.

—தாகி சாகலைம்மா.

—என்னது?

—நான் சண்டை போட்டேன். அவளைக் கொன்னா என் பேரை எடுத்துடுங்கன்னு சொல்லிட்டு எழுந்துட்டேன். கடைசியில இறங்கி வந்தாங்க. தாகி உயிரோட இருக்கலாம்னு சொல்லிட்டாங்க.

—ஏய்! அதை ஏன்டி இழவு சொல்ற மாதிரி சொல்றே? இரு, ஒரு பீர் சொல்றேன்.

—வேணாம், உக்காரும்மா. உயிரோட இருந்தா கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கணுமாம். புதுசா வரைஞ்சு காட்டினாங்க. இடுப்பு இத்தனூண்டு. வயசை இருபத்தெட்டுன்னு மாத்தியாச்சு.

—பையனுக்குப் பன்னெண்டு வயசாச்சேடி!

—கேட்டேன். சிரிக்கிறாங்க. கனமான கோட்டும் ரப்பர் பூட்ஸும் போச்சு. இப்போ முட்டிக்கு மேல பாவாடை. மூணாவது பகுதியில அவ வெந்நீர் ஊத்துல குளிக்கிற மாதிரி ஒரு காட்சி வேற.

—அந்தக் குளிர்ல முட்டி தெரிய வண்டி ஓட்டுறதா? இவனுங்க என்னிக்காவது பனியில நின்னிருக்கானுங்களா?

—அதாவது... இன்னொண்ணும் இருக்கும்மா. குரல். உனக்குப் பதிலா ஒரு பாட்டுக் குழுவுல இருக்குற பொண்ணு பேசுவாளாம். சின்ன வயசு. அவளுக்குன்னு ரசிகர் கூட்டம் இருக்காம்.

—ஓ.

—நான் வெள்ளிக்கிழமை சம்மதம் சொல்லணும். மாட்டேன்னா பழைய ஏற்பாடுதான். தாகி இப்போ இருக்குற மாதிரியே இருப்பா, நீயே பேசலாம், ஆனா நாலாவது பகுதியில செத்துடணும். அம்மா? ஏதாவது சொல்லேன்.

—சந்தோஷம்டி. நிஜமாவே சொல்றேன். அவ உயிரோட இருக்கட்டும், நீ ஆசைப்பட்டது அதைத்தானே. உன் பேரு போட்டு வர்ற முதல் தொடரு. அந்தப் பொண்ணும் பாவம், பொழைக்கணும்ல? நான் வீட்டுல உக்காந்து டி.வி.ல பாத்துக்குறேன். நீ நல்லா இருந்தா எனக்கு அது போதும்.

—நிறுத்தும்மா.

—ஏன், என்ன சொல்லிட்டேன்?

—அந்தக் குரல்ல பேசாதே. மெல்லிசா, மூச்சு விட்டு விட்டு, சிரிச்ச மூஞ்சியோட. நீ இப்போ என் எதிர்ல உக்காந்து செத்துக்கிட்டு இருக்கே, தெரியுதா?

—...பழக்கதோஷம்டி.

—எனக்காகன்னு எதுவும் சொல்லாதே. 'நீ நல்லா இரு, நான் போறேன்'ங்கிற மாதிரி ஒரு வார்த்தையும் வேணாம். உனக்கு என்ன வேணும்? அதை மட்டும் சொல்லு.

—இப்படியெல்லாம் என்னை யாரும் கேட்டதில்ல.

—நான் கேக்குறேன்ல?

—இரு. தண்ணி குடிச்சுக்குறேன்.

—குடி. அவசரமில்ல.

—எனக்கு அவ வேணும், சிகுசா. நீ எழுதின மாதிரியே, கடைசிப் பகுதி வரைக்கும் வேணும். வேற எவளுக்கும் குடுக்க மாட்டேன். வெள்ளிக்கிழமை போயி இதை அப்படியே சொல்லு. அதுல உன் வேலையே போனாலும் சரி.